காலம் தாவும் காட்டேரிக் காதல் நாவல்: கொக்குவிலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள், சொக்லேட்டுக்கும் ஷம்போ போத்தலுக்கும் நடுவில் ஓர் ஆங்கில நாவலையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அட்டையில் கோரைப்பல் வைத்த ஓர் ஆண், சட்டைப் பொத்தான் ஒன்றும் பூட்டாமல் நிலவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்மா கண்ணில் பட்ட அன்றே ஞாயிற்றுப் பேப்பரால் உறை போட்டேன். பிறகு உறையோடு சேர்த்து அட்டையும் கிழிந்து போனதால் தலைப்பைக் கேட்காதீர்கள்.

அந்தப் புத்தகம் எங்கள் வாசிப்பு வட்டத்து ஐந்து பேரிடமும் சுற்றி, அவரவர் வீட்டு மாமிமாரிடமும் போய், இப்போது றோட்டில் கண்டாலும் மறித்துக் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கதைதான் என்ன? ஒரு மூச்சில் சொல்லுங்கோ.

லண்டனில் இரவு நேரத்தில் மட்டும் கிளினிக் நடத்தும் பல் வைத்தியர் ஒருத்தி. ஒரு நாள் நள்ளிரவில் வரும் நோயாளியின் கோரைப்பல்லில் பழைய பொன் அடைப்பு ஒன்று இருக்கிறது. ‘எந்த மடையன் இதைச் செய்தான்?’ என்று அவள் கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் அழுகிறான். அவள் கதிரையின் மிதியை அழுத்துகிறாள், கதிரை சுழல்கிறது, அவள் 1816ஆம் ஆண்டு ஜெனீவாவில் போய் விழுகிறாள். அங்கே அதே ஆள் பல்வலியோடு முனகிக்கொண்டு இருக்கிறான். மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் அவள் எப்படித் திரும்புகிறாள், அவன் எப்படி அவளை மறுபடி காண்கிறான் என்பது.

அந்த அடைப்பைச் செய்த மடையன் யாரென்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். விளங்காவிட்டால் நல்லது, கீழே ஆறாவது கேள்வியைப் படிக்காமல் தாண்டுங்கள்.

காட்டேரி என்றால் எங்கட முனி, கொத்தி மாதிரியா?

இல்லை. எங்கள் ஊர்ப் பேய்க்கு ஓர் இடம் உண்டு. புளியமரம், பாழ்கிணறு, சந்தி. அந்த இடத்தை விட்டு அது அதிகம் நகராது. கும்பிட்டால் காவலுக்கும் நிற்கும்; முற்றவெளியில் கோட்டைப் பக்கம் இருக்கும் முனியப்பரிடம் போய் வருபவர்கள் பயந்தா போகிறார்கள்? ஐரோப்பியக் காட்டேரி அப்படியில்லை. அது செத்த பிறகும் உடம்போடு திரிகிற ஆள். வீடு வாங்கும், விருந்துக்குப் போகும், காதலிக்கும். உடம்பு முழுதாக இருக்க வேண்டும் என்பதால் புதைக்கிற ஊரில்தான் அது சாத்தியம். சைவர்கள் மூன்றாம் நாள் சாம்பல் அள்ளிவிடுகிறோம், எழும்புவதற்கு என்ன மிச்சம்?

ஆனால் ஒரு தொடர்பு இருக்கிறது. விக்கிரமாதித்தன் முதுகில் ஏறிக் கதை சொல்லும் எங்கள் வேதாளத்தை, 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஆங்கிலத்தில் எழுதியபோது ‘வம்பயர்’ என்றே தலைப்பிலும் போட்டுவிட்டார். வேதாளம் யார் கழுத்தையும் கடித்ததாக எனக்கு நினைவில்லை. புதிர் போட்டே ஆளைக் களைக்க வைக்கும். நகைச்சுவைக் காட்டேரிக்கு அது ஒரு பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரத்தம் குடிக்கிறதை வைத்துச் சிரிப்பா? வெள்ளைக்காரருக்குத்தான் இது வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தமிழ் ஆசிரியை. அவரிடமே திருப்பிக் கேட்டேன், கலிங்கத்துப்பரணி படிப்பிக்கவில்லையா என்று.

முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் அது. செயங்கொண்டார் போரைப் பாடிவிட்டு நிறுத்தவில்லை. போர்க்களத்துக்குப் பசித்த பேய்களை அனுப்பி, இரத்தமும் தசையும் போட்டுக் கூழ் காய்ச்ச வைக்கிறார். சமைக்க முன்பு பேய்கள் பல் விளக்குகின்றன. தூரிகை எது? செத்த யானையின் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. பிறகு பந்தி. குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று வரிசையாக வர, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கூழ் வார்க்கச் சொல்கிறார். விருந்தாளிப் பேய்க்கும் மறக்காமல் பங்கு உண்டு. தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய நகைச்சுவை இது. கூழ் காய்ச்சிக் கூடிக் குடிக்கிற ஊர்க்காரருக்கு இந்தப் பந்தி நன்றாகவே விளங்கும். நண்டும் இறாலும் பயற்றங்காயும் போட்டு ஒடியற் கூழ் கொதிக்கும்போது நானும் இப்போதெல்லாம் யானைத் தந்தத்தை நினைத்துச் சிரிக்கிறேன்.

பல் விளக்கும் பேயைத் தமிழில் படித்தவளுக்கு, பல் வைத்தியரிடம் போகும் காட்டேரி ஒன்றும் புதினம் இல்லை.

போரைப் பார்த்த ஊர். இரத்தம் என்றாலே சிலருக்கு ஆகாது. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

எங்கள் ஐந்து பேரில் ஒருவர் முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அவருக்கு வேறு புத்தகம் கொடுத்தோம்.

எனக்கு வந்தது வேறு மாதிரி. இந்த வகை நாவல்களில் இரத்தம் காயத்தில் இருந்து வருவதில்லை. அது சாப்பாட்டுப் பிரச்சினை. எங்கள் கதாநாயகன் கசாப்புக் கடைக்காரனிடம் ஆட்டு இரத்தம் கடனுக்கு வாங்குகிறான், கடன் ஏறுகிறது, கடைக்காரன் திட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை இரத்த வறை சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் பயப்பட எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் யாருக்காவது கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டே கொடுக்கிறேன்: 30ஆம் பக்கமும் 211ஆம் பக்கமும் கொஞ்சம் கடுமை.

ஏன் 1816? வேறு வருடம் கிடைக்கவில்லையா?

ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் புகையும் வளிமண்டலத்தின் மேல்தட்டுக்கு ஏறி வெயிலை மறைத்ததால், அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. ‘கோடை இல்லாத வருடம்’ என்றே அதற்குப் பெயர்.

அந்த மழைக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகை ஒன்றில் வெளியே போக வழியில்லாமல் கவி பைரனும் நண்பர்களும் பேய்க்கதைப் போட்டி வைத்தார்கள். பிராங்கன்ஸ்டைன் என்ற பேய் நாவல் பிறந்தது அங்கேதான். பைரனின் வைத்தியராக இருந்த பொலிடோரி எழுதி 1819இல் வெளியான கதைதான் ஆங்கில உரைநடையில் நாகரிகமான, பிரபு வேஷம் போட்ட காட்டேரியின் தொடக்கம். ஆக, வெயில் இல்லாத வருடம், காட்டேரி பகலிலும் தாராளமாக உலாவலாம், அதுவும் காட்டேரிக் கதை பிறந்த ஊரிலேயே. நாவலில் அந்த மாளிகைக்காரர்கள் ஒரு காட்சியில் மட்டும் தூரத்தில் போகிறார்கள். கதாநாயகன் அவர்களைப் பார்த்து, ‘இவர்கள் என்னைப் பற்றி எழுதப் போகிறார்களாம், பல்வலியை எழுதமாட்டார்கள்’ என்கிறான். நான் சத்தமாகச் சிரித்த இடங்களில் அது ஒன்று.

இன்னொரு வசதியும் அந்த வருடத்தில் இருக்கிறது. ஈதர் கொடுத்து மயக்கி அறுவை செய்யலாம் என்பதை பொஸ்டனில் ஒரு பல் வைத்தியர் எல்லோர் முன்னிலையிலும் காட்டியது 1846இல்தான். 1816இல் பல்லைக் குடைவதென்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். காட்டேரியை யார் பிடிப்பது?

காலம் முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது, தலை சுற்றுகிறது. எப்படித்தான் பிடிப்பது?

எங்களுக்கா தலை சுற்றுகிறது? 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த என்று நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணி குறைத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறி முகமாலையைத் தாண்டி வன்னிக்குள் போனால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும், ஓமந்தையைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடி முன்னுக்கு. ஒரே பயணத்தில் இரண்டு தரம் காலம் தாவினோம். கலியாண வீட்டு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது புது நேரமா பழைய நேரமா?’ என்று கேட்டவர்கள் நாங்கள். 2006 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் மறுபடி பழைய நேரத்துக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதைகளில் காலத்துக்கு மூன்று விதமான சட்டம் இருக்கும். முதலாவது, நடந்தது நடந்ததுதான். பின்னால் போய் நீங்கள் செய்வதும் ஏற்கனவே நடந்ததன் ஒரு பகுதி. இரண்டாவது, பழையதை மாற்றினால் இன்றையதும் மாறும். உங்கள் பாட்டனின் கலியாணத்தைக் குழப்பினால் நீங்கள் பிறக்கமாட்டீர்கள், பிறக்காதவர் எப்படிப் போய்க் குழப்பினார் என்ற சிக்கலும் வரும். மூன்றாவது, மாற்றிய இடத்தில் கதை இரண்டு கிளையாகப் பிரிந்து இரண்டும் ஓடும். முதல் ஐம்பது பக்கத்துக்குள் எந்தச் சட்டம் என்று கண்டுபிடித்துவிட்டால் பிறகு குழப்பம் இல்லை.

எங்கள் நாவலில் முதலாவது சட்டம். பொன் அடைப்பைச் செய்தவள் அவளேதான். மெழுகுதிரி வெளிச்சத்தில், கை நடுங்க, பொன் தகட்டைத் தட்டித் தட்டி அடைக்கிறாள். பாதரசத்தோடு வெள்ளி கலந்த வழக்கமான அடைப்பை வைக்க முடியாது, இந்தக் கதையில் காட்டேரிக்கு வெள்ளி ஆகாது. வேலை அரைகுறையாக முடியும்போதுதான் முதல் அத்தியாயத்தில் தான் திட்டியது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கிறது. இருநூறு வருடமாக அவன் அந்த அடைப்பை மாற்றாமல் வைத்திருந்ததும், திட்டியபோது அழுததும் ஏன் என்று எங்களுக்கும்.

நான் செய்தது: கொப்பித் தாளில் இரண்டு கோடு. மேல் கோட்டில் அவளுக்கு எது முதல், எது பிறகு. கீழ்க் கோட்டில் அவனுக்கு. இரண்டையும் இணைத்து அம்புக்குறி போட்டால் சாப்பாட்டு மேசையில் மாமிக்கே விளக்கலாம். விளக்கியும் இருக்கிறேன்.

ஒருத்திக்காக இருநூறு வருடம் காத்திருப்பானா? இது கொஞ்சம் கூடிப்போச்சு.

எனக்கு இந்த நாவல் பிடித்ததே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அவளுக்கு எதிர்காலத்துக்குத் திரும்பிவர மந்திரக் கதிரை வேண்டும். அவனுக்கு ஒன்றும் வேண்டாம். அவன் சாகாதவன், சும்மா இருந்தாலே எதிர்காலம் வந்துவிடும். அவள் கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் கடப்பதை அவன் ஒவ்வொரு திங்களும் செவ்வாயுமாகக் கடக்கிறான். அவள் 1816இல் விடைபெறும்போது கிளினிக்கின் முகவரியையும் திகதியையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்கிறாள். நடுவில் ஓர் அத்தியாயம் முழுக்க அந்தக் கடதாசிதான். மடிப்பில் கிழிகிறது, ஒட்டுகிறான், மை மங்குகிறது, மேலே எழுதுகிறான். 1863இல் லண்டனில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும் போய் ஏறிப் பார்க்கிறான், அன்றைக்கு இதில்தான் போக வேண்டிவரும் என்று. கடைசியில் அந்த நாள் வருகிறது, ரயில் இடையில் நின்றுவிடுகிறது, ஆள் பதினைந்து நிமிடம் பிந்திப் போகிறான். ‘நேரத்துக்கு வரத் தெரியாதா?’ என்பதுதான் அவள் கேட்கும் முதல் கேள்வி.

இதைப் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் கதை சொன்னேன். அவர் நிச்சயார்த்தம் முடிந்து ஒன்பது வருடம் காத்திருந்தவர். மாப்பிள்ளை ஜெர்மனியில், விசா வரவில்லை, பிறகு பாதை இல்லை, பிறகு கடிதமும் ஒழுங்காக இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய கடிதங்கள் போய்ச் சேர மாதக்கணக்கு. பெரியப்பா கடைசியில் வந்து இறங்கியபோது, தலைமுடி பாதி போயிருந்ததாம். பெரியம்மா சிரிக்கவில்லை. ‘அந்தக் கடதாசியை ஏன் அவன் பிளாஸ்டிக் உறைக்குள்ள போடேல்ல?’ என்று மட்டும் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து தன்னுடையதைக் காட்டினார். உறைக்குள்தான் இருந்தது.

நம்மட பழைய கதைகளில் காலம் தாவுகிற காதல் இல்லையா?

ரேவதி கதை. ககுத்மி என்ற அரசன் மகளுக்கு மாப்பிள்ளை கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறான். அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கிறது, முடியும் வரை காத்திருக்கிறார்கள். பிறகு பிரம்மா சிரிக்கிறார்: நீ மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைமார் எல்லாம் செத்து, பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் போய்விட்டது. திரும்பி வந்து பலராமனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். பழைய யுகத்துப் பெண் என்பதால் அவள் மாப்பிள்ளையை விட மிக உயரம். பலராமன் கலப்பையின் நுனியால் இழுத்து அவளைத் தன் காலத்து அளவுக்குக் கொண்டுவருகிறான். நகைச்சுவையும் இருக்கிறது, காதலும் இருக்கிறது. ரேவதியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

வெயில்? உள்ளி? கண்ணாடி?

1897இல் வந்த டிராகுலா நாவலில் கோமான் பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார், சக்தி மட்டும் குறைவு. வெயில் பட்டால் அழிந்துபோவது 1922இல் வந்த ஜெர்மன் மௌனப் படத்தில் இருந்து ஒட்டிக்கொண்டது. எந்தச் சட்டம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் தானே முடிவு செய்வார். எப்படியோ, சித்திரை மாதத்து யாழ்ப்பாண வெயிலில் மனிதரே நிற்க முடியாது.

உள்ளி ஆகாது என்பது நாட்டார் நம்பிக்கை. எங்கள் ரசத்தின் வாசனைக்கு அவர் படலையடியிலேயே திரும்பிவிடுவார். ஆனால் அழைக்காமல் வீட்டுக்குள் வரமுடியாது என்ற விதி இங்கே செல்லாது. அம்மம்மா யார் என்று பார்க்காமலே ‘வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்’ என்று சொல்லிவிடுவார். கிழக்கு ஐரோப்பாவில் இன்னொரு வழி சொல்வார்கள்: தானியத்தை வாசலில் கொட்டினால் காட்டேரி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி விடிந்துவிடுமாம். ஒரு சுண்டு குரக்கன் போதும்.

பகிடிக்குக் கேட்கிறேன், அப்படி ஒரு மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வந்தால்?

எங்கள் வட்டம் இதில் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தது. முதல் சிக்கல் சாதகம். விம்சோத்தரி தசைக் கணக்கில் ஒன்பது கிரகத்துக்கும் சேர்த்து மொத்தம் 120 வருடம்தான். முந்நூறு வயதுக்காரருக்கு எந்தத் தசை நடக்கிறது என்று எந்தச் சாத்திரியார் சொல்வார்?

இரண்டாவது காணி. ஒல்லாந்தர் காலத்தில் பிறந்தவர் என்றால் அவருடைய வளவு தோம்பு என்ற ஒல்லாந்தர் காணிப் பதிவேட்டிலேயே பதிந்திருக்கும். பிரச்சினை என்னவென்றால், ஆள் சாகாததால் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, யாருக்கும் இறங்காது. பேரனும் பூட்டனும் கிழவராகி உறுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. தேடியதேட்டம் என்பது கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது, ஆகவே முதல் முந்நூறு வருடச் சம்பாத்தியத்தில் மனைவிக்கு உரிமை கேட்க முடியாது என்று வட்டத்தில் சட்டம் படித்த தங்கச்சி தீர்ப்புச் சொன்னாள். பிறகு யோசித்து, ‘அடுத்த முந்நூறு வருடத்தில் பாதி வரும்’ என்றாள். உடனே எல்லோருக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது.

ஆங்கிலம் கடினமா?

அவளுடைய பேச்சு இன்றைய லண்டன் பேச்சு, சுலபம். அவனுடையது பழைய காலத்து நீட்டு வசனம். முதலில் நான் அகராதியோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு வழி பிடிபட்டது: கூத்து மேடையில் இருந்து முடியும் வாளுமாக இறங்கி வந்த இராசா, பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி நடத்துநரிடம் சில்லறை கேட்பதாக நினைத்துப் படியுங்கள். சொல்லுக்குச் சொல் விளங்காவிட்டாலும் பகிடி விழும். முழுப் புத்தகத்தின் சிரிப்பும் அந்த இரண்டு பேச்சும் மோதும் இடத்தில்தான் இருக்கிறது.

அம்மா முன்னால் படிக்கலாமா?

17ஆம் அத்தியாயத்தைத் தவிர. அதைக் கிணற்றடியில் படியுங்கள்.

இப்போது யாரிடம் இருக்கிறது? எனக்குத் தருவீர்களா?

இணுவிலில் ஒரு மாமியிடம் இருக்கிறது, அவர் 17ஆம் அத்தியாயத்திலேயே மூன்று கிழமையாக நிற்கிறார். அவருக்குப் பிறகு இரண்டு பேர் வரிசையில். 112ஆம் பக்கத்தில் இருக்கும் மீன்குழம்புக் கறை நான் கொடுக்கும்போதே இருந்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. பெரியம்மாவும் கேட்டிருக்கிறார். அவருக்கு முதலில் கொடுப்பேன், பிளாஸ்டிக் உறை போட்டு.